கணுக்கால் அளவு கண்ணீர்

குடும்ப நீதிமன்றத் தட்டச்சரின் இடது கண் பதினொரு ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் காயவில்லை. அதிலிருந்து சொட்டிய நீரில் மேசை உப்புப் பூத்து இற்றுப்போனதால் அலுவலகம் அவருக்கு இருமுறை மேசை மாற்றிக் கொடுத்தது. கணவனும் மனைவியும் பிரியும் வழக்குகளில் சாட்சியங்களைத் தட்டச்சு செய்வது அவருடைய வேலை. "தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடியே அழுதா எப்படிம்மா?" என்று நீதிபதிகூட ஒருமுறை கடிந்துகொண்டார். உண்மையில் அவர் எதற்கும் அழுததில்லை. ஒற்றை அறையில் வசித்தார். விடுமுறை நாட்களில் தன் குரலைத் தானே கேட்காமல் பொழுது சாய்ந்துவிடும்.

பன்னிரண்டாம் ஆண்டு மூக்கோரம் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிச் சீழ் பிடித்தது. கண்ணீர் மூக்குக்குள் இறங்கும் குழாய் அடைத்துக் கிடப்பதாக டாக்டர் சொன்னார். "மூக்கு வழியாவே கேமரா விட்டு, எலும்புல சின்னதா ஒரு வழி திறந்துடலாம். முகத்துல தழும்பே இருக்காது. இப்படியே விட்டா கண்ணுக்குப் பரவிடும். கூட யாரு வர்றாங்க?"

வருவதற்கு யாருமில்லை. படிவத்தில் உடன் வருபவர் கையெழுத்திடும் இடம் காலியாகவே இருந்ததால் சிகிச்சை இருமுறை தள்ளிப்போனது. மூன்றாம் முறை, மருந்து வாங்க வரிசையில் நின்ற ஒரு பெண் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் விவாகரத்து வாங்கியவள்.

"அக்கா, கோர்ட்ல எனக்காக அழுதீங்களே, நீங்கதானே?"

"நான் அழலம்மா. அது வெறும் அடைப்பு."

அவர் கையிலிருந்த படிவத்தின் காலி இடத்தை அவள் எட்டிப் பார்த்தாள். "இருக்கட்டும்கா. அன்னைக்கு அந்த ரூம்ல நனைஞ்சிருந்தது உங்க கண்ணு மட்டும்தான்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் தங்கை என்று எழுதினாள்.

காலை பத்தேகாலுக்கு எலும்பில் வழி திறந்தது. முதலில் வந்த சீழை உறிஞ்சி எடுத்தார்கள். அதன் பின்னால் வந்த கண்ணீருக்கு எந்தக் கருவியும் போதவில்லை. அது வெதுவெதுப்பாகக் கணுக்கால் அளவு ஏறி, கதவிடுக்கில் நுழைந்து, வார்டைச் சுற்றிக்கொண்டு மாடிப்படிகளில் இறங்கியது. "இத்தனையையும் எங்கதான் வச்சிருந்தாங்களோ" என்றாள் நர்ஸ். டாக்டர் ரப்பர் பூட்ஸ் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, மெல்லிய சிலிகான் குழாயைப் பொருத்தி முடித்து, அடைப்பு நீங்கியது என்று குறிப்பு எழுதினார்.

மயக்கம் தெளிந்தபோது தட்டச்சரின் இரண்டு கண்களும் காய்ந்திருந்தன. பக்கத்து பெஞ்சில் அந்தப் பெண் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு ஜோடிச் செருப்புகள்.

"உங்க செருப்பு மாடிப்படி வரைக்கும் மிதந்து போயிடுச்சுக்கா. ஓடிப்போய்ப் புடிச்சேன்."

மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். தண்ணீர் இன்னும் வடியவில்லை. செருப்புகளைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இருவரும் மெதுவாக நடந்தார்கள்.