வெறும் போ

விரலிடுக்கில் தோல் மட்டும் நிற்கிறது, ஊறிய அவரைக் கொட்டை ஒரு வழுக்கு வழுக்கிக் கிண்ணத்தில் போய் விழுகிறது, நைனா நான் அம்பது பிதுக்கிட்டேன், நீ இன்னும் முப்பதுலயே நிக்கிற என்று எட்டு வயசு வாணி சிரிக்கிறாள், இல்லை, சிரிப்பது எனக்கு முன்னால் வரிசையில் நிற்கும் அம்மாள், நான் தர்மபுரிக் கல்யாண மண்டபத்துக்குள் பையும் கையுமாக நிற்கிறேன், மார்கழியில் முகூர்த்தம் ஏது, பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை ஞாயிறுதோறும் சந்தைக்கு விடுகிறார்கள், வெளியே பனி விலகவில்லை, உள்ளே மணமேடை நிறையக் கீரைக்கட்டு, பந்தி மேஜைகளில் ராகி, நாட்டுத் தக்காளி, மணமகள் அறை வாசலில் ஒரு தராசு, குவித்துவைத்த பச்சை அவரைக் கொட்டை, அதற்குப் பின்னால் என் மகள் கோகிலவாணி.

அதே வாசல்தான், ஒன்பது வருஷத்துக்கு முந்திய தை மாதம், நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருக்கிறது, நகையெல்லாம் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, இந்தக் கல்யாணம் வேணாம் நைனா, நான் செல்வத்தோட போறேன் என்கிறாள், யாரு, அந்தச் சாதிக்காரப் பையனா, போ என்கிறேன், பெத்த பொண்ணுய்யா, போய்ட்டு வான்னு சொல்லு, வெறும் போன்னு அனுப்பாதே என்று என் சம்சாரம் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள், சண்டைக்கு வந்தவனைக்கூட நாங்கள் அப்படி அனுப்பியதில்லை, நான் இன்னொரு தடவையும் போ என்றேன், போனாள், மூன்றாம் வருஷம் சம்சாரமும் செத்துப் போனாள், அந்த வா மட்டும் தொண்டையிலேயே தங்கிவிட்டது.

இந்த மார்கழியில்தான் அவளை இங்கே பார்த்தேன், நாலு ஞாயிறாக வருகிறேன், எவ்ளோ போடட்டும் சார் என்று கேட்பாள், அரைக் கிலோ என்பேன், நைனா என்று கூப்பிட்ட வாய் சார் என்கிறது, முள் நடுவில் நிற்கும்வரை ஒவ்வொரு கொட்டையாகப் போட்டு நிறுப்பாள், ஒன்று அதிகமும் வராது, ஒன்று குறையவும் குறையாது. இன்று கடைசிச் சந்தை, தை பிறந்தால் மண்டபத்தில் மறுபடி கல்யாணம், இவள் எந்த ஊருக்குத் திரும்புவாளோ, கேட்க எனக்கு வாயுமில்லை, இன்றைக்கு ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும், வாணி என்று கூப்பிடலாமா, உங்கம்மா என்று ஆரம்பிக்கலாமா, வரிசை நகர்கிறது, தராசு முன்னால் நிற்கிறேன், அவள் காதோரம் ரெண்டு நரை, எவ்ளோ சார், அரைக் கிலோ, அவ்வளவுதான், பை கைக்கு வந்துவிட்டது, திரும்ப வேண்டியதுதான் பாக்கி, அப்போது என் வாய் தானாகச் சொல்கிறது, போய்ட்டு வா கண்ணு.

இன்னா பெருசு, போறது நீ, கடைக்காரம்மாவ எங்க அனுப்புற என்று பின்னால் ஒருவன் கேட்க, வரிசையே சிரிக்கிறது, அவள் சிரிக்கவில்லை, தராசுத் தட்டின் மேல் அவள் கை அப்படியே நிற்கிறது, நாதஸ்வரம் கேட்கிறது, இல்லை, எங்கோ வண்டி ஹாரன், அவள் தலை நிமிரவில்லை, ஒரு கை நிறைய அவரையை அள்ளி, நிறுக்காமல் என் பையில் போடுகிறாள், சார் என்றும் சொல்லவில்லை, நைனா என்றும் சொல்லவில்லை, குரல் மட்டும் கரகரத்து வருகிறது, அடுத்தவங்க வாங்க.

அது எனக்குச் சொன்னதில்லை, தெரியும், எனக்குப் பின்னால் நின்றவனுக்குச் சொன்னது, ஆனாலும் அந்த வாங்க என்பதைக் கொசுறு மாதிரி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டில் கிண்ணத்தை மடியில் வைத்துப் பிதுக்குகிறேன், முப்பது, நாற்பது, அம்பதும் ஆயிற்று, தோற்றுப்போக எதிரில் யாருமில்லை, அவள் நிறுக்காமல் போட்ட அளவுக்கு ஒரு கைப்பிடி பையிலேயே விட்டிருக்கிறேன், அதை மட்டும் ஊறப்போடவில்லை, தோலும் பருப்புமாக அப்படியே இருக்கட்டும்.