சம்பந்திக்கு இடக்கையால்

செலீனுக்கு அன்று டைவிங் சோதனை மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் ஒரே பிழை, ஒரே இடத்தில், ஒரே ஆளுக்கு முன்னால். இன்றைக்கும் அதையே செய்தால் சான்றிதழ் இல்லை, வேறு யாரிடமாவது போய்ப் பழகு என்று பயிற்சியாளர் ஹெதர் சொல்லிவிட்டாள். ஹெதர் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரி. சொன்னால் சொன்னதுதான்.

ஒரு பிளாஸ்ரிக் அட்டைக்கா இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்குச் செலீனின் முதுகைத் தெரியாது. ஸ்காபரோவில் பதினாறு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, முள்ளந்தண்டில் ஒரு தட்டு பிதுங்கி, சத்திரசிகிச்சையும் செய்து, இப்போது ஐம்பத்திரண்டு வயதில் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவள் அவள். நோவு இல்லாத இடம் அவளுக்கு உலகத்தில் ஒன்றுதான் இருந்தது: தண்ணீருக்கடி. அங்கே உடம்புக்குப் பாரமில்லை. முன்பு முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஏழு வருடம் ஏரிகளில் இறங்கியவள். இனி முதுகில் ஒன்றும் சுமக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன நாள், கார் பார்க்கிங்கில் இருந்து அவள் அழுத அழுகை புருஷன் பஸ்ரியனுக்கே தெரியாது.

பிறகுதான் இந்தப் பக்கவாட்டு முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாள். சிலிண்டர் இரண்டு, கமக்கட்டுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்று. சுமக்கவே தேவையில்லை. யாராவது தண்ணீரில் கொண்டுவந்து விட்டால், மிதந்தபடியே ஒவ்வொன்றாகக் கொளுவிக்கொள்ளலாம். டொக்டரும் நாடியைச் சொறிந்துவிட்டு, சரி, பார்த்துச் செய் என்றார். செலீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் மகள் நதீஷா ஒற்றைக்காலில் நின்றாள். தெரிந்த ஆள் ஒருவர் கூட இறங்காமல் அம்மாவை விடமாட்டாளாம். பஸ்ரியனுக்குக் குளிக்கிற தொட்டியே பயம். அந்த நேரம் பார்த்து, "நான் போறன்" என்று சொன்னவர் நவரட்ணம். நதீஷாவின் மாமனார்; செலீனுக்குச் சம்பந்தி. கியூபாவுக்கு விடுமுறை போன இடத்தில் டைவிங் பழகிய மனுசன். முழங்கால் தேய்ந்து போனதால் அவருக்கும் இந்த முறை தோதாக இருந்தது.

வேறு யார் வந்திருந்தாலும் செலீனுக்கு இந்தக் கரைச்சல் வந்திருக்காது. தேவாலயத்தில் ஒரு தரம், மண்டபத்தில் ஐயரை வைத்து ஒரு தரம் என்று நடந்தது பிள்ளைகள் நதீஷா, ஜனார்த்தனின் கல்யாணம். எது முதல் என்பதில் இரண்டு வீடும் முறுகி, பிறகு ஒருமாதிரி சமாளித்து, இரண்டு வருடமாகக் கண்ணாடிச் சாமானைத் தூக்குகிறமாதிரித்தான் ஒருவரோடொருவர் பழகினார்கள். அவர் அவளை "நதீஷான்ர அம்மா" என்பார். அவள் அவரை "ஜனார்த்தன்ர அப்பா" என்பாள். அதற்கு மேலே ஒரு சொல் கூடாது, குறையாது.

இப்போது அந்தப் பிழைக்கு வருவோம். கூட வருகிறவருக்குக் காற்று நின்றுபோனால், அவர் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டுவார். உடனே நீ மூச்சு இழுக்கிற, உன் வாயில் இருக்கிற ரெகுலேற்றரைக் கழற்றி அவருக்குக் கொடுக்கவேண்டும். அது இடப்பக்கச் சிலிண்டரிலிருந்து நீளக் குழாயில் வருவது. பிறகு கழுத்தில் தொங்குகிற மற்றதை நீ கவ்விக்கொள்ளவேண்டும். வலக்கை இறங்குகயிற்றை விடக்கூடாது. ஆகவே கொடுப்பது இடக்கையால்.

செலீனுக்கு அங்கேதான் இடித்தது. வாயிலிருந்து எடுத்த எச்சில் சாமான். அதுவும் இடக்கையால். அதுவும் சம்பந்திக்கு! கல்யாண வீட்டில் ஒரு வெற்றிலைத் தட்டை இடக்கையால் நீட்டியிருந்தாலே இரண்டு தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். மூளைக்கு எல்லாம் விளங்கியது, கைக்கு விளங்கவில்லை. இரண்டு தடவையும் அவளை அறியாமலே ரெகுலேற்றர் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறியது. வலக்கை கயிற்றை விட்டது. உடம்பு பலூன்போல மேலே கிளம்பியது. போதாக்குறைக்கு, கொடுக்கிறபோது இடக்கை போய் வலது முழங்கையை மரியாதையாகத் தாங்கிக்கொண்டது.

"பதினொரு செக்கன்," என்றாள் ஹெதர், கரைக்கு வந்ததும். "மூன்று செக்கனில் முடியவேண்டிய வேலை. ஏன் கை மாற்றுகிறாய்?"

செலீன் விளங்கப்படுத்தப் பார்த்தாள். ஆனால் இங்கிலிஷில் சம்பந்தி என்பதற்கு ஒரு சொல்லே இல்லை. என் மகளின் கணவரின் தகப்பன் என்று சுற்றிவளைத்துச் சொல்ல, ஹெதர், "அதனால் அவருக்குக் காற்று வேண்டாமா?" என்று கேட்டாள். நவரட்ணம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் எல்லாம் விளங்கும். ஆனால் பரவாயில்லை, இடக்கையாலேயே தாருங்கோ என்று ஒரு சம்பந்தி எந்த வாயால் சொல்வது?

மூன்றாவது தடவை மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வெளியே நல்ல வெயில். ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு நாய்களை நடத்திக்கொண்டு போனார்கள். ஏரியின் ஹம்பர் குடாத் தண்ணீர் மட்டும் இன்னும் மாசியை விடவில்லை, ஐந்து பாகை. தண்ணீர் புகாத ட்ரை சூட்டுக்குள் இரண்டு கம்பளி உடுப்புப் போட்டும், திறந்திருந்த சொண்டு மட்டும் முதலில் எரிந்து, பிறகு விறைத்து, பிறகு இருக்கிறதா என்றே தெரியாமல் போனது. செலீன் மிதந்தபடி இரண்டு சிலிண்டரையும் கொளுவினாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். நவரட்ணம் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். மூவரும் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள்.

ஒன்பது மீற்றரில் பச்சை மங்கல். நீட்டிய கைக்குச் சற்று அப்பால் ஒன்றும் தெரியவில்லை. முதுகு நோவு எங்கே போனதென்று தெரியாமல் போய்விட்டது. கடவுளே, இதை மட்டும் என்னட்டயிருந்து பறிச்சுப்போடாதை என்று செலீன் கேட்டுக்கொண்டாள். ஹெதர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, தொடங்கலாமா என்று கை காட்டினாள்.

தொடங்கவில்லை. அதற்குள் நவரட்ணத்தின் முகத்துக்கு முன்னால் தண்ணீர் கொதிக்கிறமாதிரி நுரை வெடித்தது. கடுங்குளிரில் இப்படி நடப்பதுண்டு: ரெகுலேற்றருக்குள் ஐஸ் பிடித்தால் அது மூடாமல் காற்றைக் கொட்டும். பயப்பட ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்து வால்வை மூடிவிட்டு மற்றச் சிலிண்டருக்கு மாறவேண்டும். இரண்டு சிலிண்டர் கொண்டுபோவதே அதற்குத்தான். நீச்சல் குளத்தில் ஐம்பது தரம் செய்தவர்தான் அவர். ஆனால் கொட்டியது இடது. பதற்றத்தில் அவர் பூட்டியது வலது. கொட்டுகிறதைத் துப்பிவிட்டு மற்றதைக் கவ்வினார். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

கண்ணாடிக்குள் அவருடைய கண் இரண்டும் பெருத்தன. கை கழுத்துக்குக் குறுக்கே போனது. அது பரீட்சைக்குக் காட்டுகிற கை இல்லை.

செலீன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கை மாறியிருக்கும். தன் வாயிலிருந்ததைப் பிடுங்கி, இடக்கையாலேயே அவர் வாய்க்குள் திணித்தாள். கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. அடம்பிடிக்கிற பிள்ளைக்குச் சோறு தீத்துகிறமாதிரி அடைத்தாள். வலக்கை கயிற்றைவிட்டு அசையவில்லை. கழுத்திலிருந்த மற்றதைக் கவ்வி, ஒரு மூச்சு இழுத்து, அவருடைய நெஞ்சுப் பட்டியை அதே இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுத்தார், விட்டார், திரும்ப இழுத்தார். ஹெதர் பாய்ந்து வந்து இரண்டு வால்வையும் சரிசெய்து, மேலே போவோம் என்று பெருவிரலைக் காட்டினாள். மூவரும் மெதுமெதுவாக ஏறினார்கள். அந்த நேரம் முழுக்கச் செலீன் பட்டியை விடவில்லை.

கரையில் கல்லொன்றில் நவரட்ணத்தை இருத்தி, போர்வையால் மூடி, சுடச்சுடத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். ஹெதர் அவரை நல்லாக உற்றுப் பார்த்து, ஆபத்தில்லை என்று நிச்சயப்படுத்திய பிறகுதான் செலீனிடம் திரும்பினாள்.

"இரண்டு செக்கன்," என்றாள். "நீ பாஸ். இவர் திரும்ப வரவேண்டும். வலது எது இடது எது என்று முதலில் படிக்கட்டும்." சொல்லிவிட்டுப் படிவத்தை எடுக்கத் தன் வாகனத்துக்குப் போனாள்.

செலீன் துள்ளியிருக்கவேண்டும். துள்ளவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. போர்வைக்குள் தலைகுனிந்து இருந்த மனுசனுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஜனார்த்தன்ர அப்பா, குறை நினையாதேங்கோ. அவசரத்தில இடக்கையால தந்திட்டன். அதுவும் என்ர வாயில கிடந்ததை."

நவரட்ணம் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை," என்றார், இரண்டு வருடத்தில் முதல் தரமாக. "அந்த நேரம் நீ காலால நீட்டியிருந்தாலும் நான் கும்பிட்டு வாங்கியிருப்பன்."

செலீனுக்குச் சிரிப்பு வெடித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடியது; அது சிரிப்பில் வந்ததில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஹெதர் படிவத்தோடு திரும்பி வந்து, இந்த இரண்டுக்கும் குளிர் தலைக்கேறிவிட்டதோ என்று பார்த்தாள்.

"வாற சனி எனக்குத் திரும்பச் சோதனையாம்," என்றார் நவரட்ணம், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத் துணைக்கு ஆர் இறங்கிறது?"

"நான்தான். வேற ஆர்?" என்றாள் செலீன். "வாற சனி மட்டுமில்லை. இந்தக் கோடை முழுக்க நான் தண்ணிக்குள்ளதான்."