ஒரு கட்டை கீழே

கென்டக்கி மலைப்பக்கத்தில் புளூகிராஸ் என்ற நாட்டுப்பாட்டு கேட்க வருகிறவர்கள் மடக்கு நாற்காலியும் வறுத்த கோழியும் கொண்டுவருவார்கள். பாஞ்சோவும் பிடிலும் தலைதெறிக்க ஓடும். பாட்டில் யாராவது செத்துப்போவார்கள். ஜனம் காலால் தாளம் போட்டுக்கொண்டே அழும். வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்குவதை நான் விட்டுவிட்டேன். எங்கள் குழுவில் நான் ஆளுயர பாஸ் வாத்தியம் வாசிப்பவன். அதன் பின்னால் ஓர் ஆள் நிற்பது என் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

எங்கள் பாடகன் ஆர்லின். அவன் தங்கை லோர்னா நாலு வருடம் முன்பு வெள்ளத்தில் போனாள். அவளைப் பற்றி அவன் கட்டிய பாட்டில் அவள் பெயர் உச்சிச் சுரத்தில் வரும். குரல் இதோ உடையப்போகிறது என்று எல்லோரும் நாற்காலி நுனிக்கு வருவார்கள். உடையாது. எங்கள் கடையில் விற்ற ஒரே சரக்கு அதுதான்.

வசந்தத்தில் அவன் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. மேல் சுரங்கள் திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். ஜூன் திருவிழாவில்தான் மறுபடி மேடை. அன்று மேடை ஏறுமுன் அவன் சாப்பிடப் போனபோது பாஞ்சோக்காரி கீலி என்னிடம் சொன்னாள்:

"சுருதிய ஒரு கட்டை இறக்கிருவோம்டா. அவன் கிட்டாரையும் சேத்துதான்."

"கண்டுபிடிச்சிருவான்."

"மேடையில வச்சு அடிப்பானா?"

முதல் மீட்டலிலேயே ஆர்லின் திரும்பி எங்களைப் பார்த்தான். ஆனாலும் பாடினான். லோர்னாவின் பெயர் சிரமமே இல்லாமல் வழுவழுவென்று வந்தது. முன்வரிசையில் ஒருவர் பாதிப் பாட்டில் லெமனேட் வாங்க எழுந்து போனார்.

இறங்கியதும் ஆர்லின், "இந்தப் பாட்டுக்கு எவனும் எந்திரிச்சுப் போனதில்ல," என்றான்.

"ஒனக்கு வலிக்கக்கூடாதுன்னுதான்," என்றாள் கீலி.

"வலிக்கல. அதத்தான் சொல்றேன். அவ ஏதோ படகுல ஏறி ஊருக்குப் போன மாதிரி இருந்துச்சு."

"தொண்டை போச்சுன்னா?"

"போகட்டும். சுருதிய ஏத்துங்க."

ஐந்து மணிக்கு மறுபடி ஏறினோம். எல்லோருக்கும் ஒரே மைக். பாடுகிறவர் முன்னால் வருவார், மற்றவர் விலகுவார். உச்சி வந்தது. "லோர்" வரை குரல் இருந்தது. அப்புறம் வெறும் காற்று. மைக் அதையும் மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. கோழி தின்றவர்கள் நிறுத்தினார்கள். அதே சுற்றை மறுபடி வாசித்தோம். மறுபடி காற்று.

மூன்றாம் சுற்றில் அவன் விலகினான். காலியான இடத்தில் அடுத்த ஆள் புக வேண்டும். கீலி அசையவில்லை.

"போ," என்று அவன் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

அவள் பாடினாள். பெயர் உச்சியில் நடுங்கியது, உடையவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

ஆர்லின் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்று வாசித்தான்.

"இனிமே அவளே பாடட்டும்," என்றான், என் காதோரம்.

"நீ?"

"இங்க எடம் இருக்குல்ல?"

நான் பாஸைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன்.