தாராவிக் கோப்பை: ஆரம்ப வரலாற்றின் அடித்தல் திருத்தலான பிரதி

1

இந்தக் கதையை எழுத நான் உட்காரவில்லை. இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். போன மாதம், அதாவது 1989 மார்ச்சில், பம்பாய் தாராவியிலிருந்து உதுமான் என்ற இளைஞர் மாட்டுங்காவில் என் வீட்டைத் தேடி வந்தார். ‘அகில இந்திய மாநிலங்களுக்கு இடையிலான கால்பந்துப் போட்டி, தாராவி’ என்ற நீளமான பெயருடைய அமைப்புக்கு இப்போது அவர்தான் செயலாளர். எட்டாம் ஆண்டு மலர் போடுகிறார்கள். போட்டியின் ஆரம்ப காலம் தெரிந்தவர்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம் என்றார்.

“ரெண்டு பேஜ் போதும் சார். அந்தப் பெனால்டி லஃப்டா, அந்தத் தகராறு மட்டும் வேண்டாம்.”

உதுமானுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருமாம். நான் என்ன எழுதினாலும் வேறு யாராவது படித்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரியவேண்டும். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. எழுதுகிறவனுக்கு வரக்கூடாத நிம்மதி அது. அது ஏன் வந்தது என்று யோசித்ததில் கட்டுரை கெட்டுப்போய்க் கதையாகிவிட்டது.

2

முதல் தொடக்கம்: “1982ஆம் ஆண்டு இந்தியக் கால்பந்து வரலாற்றில் பொன்னெழுத்துக்களால்

(அடித்துவிட்டேன். அந்த ஆண்டு எங்களிடம் மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வாங்கவே காசில்லை. பொன்னெழுத்துக்கு எங்கே போவது?)

இரண்டாவது தொடக்கம்: மாநில அணிகள் மோதும் கோப்பை ஒன்று இந்த நாட்டில் சுதந்திரத்துக்கு முன்பிருந்தே நடந்துவருகிறது. அதற்கு அணிகள் ரயிலேறி வரும். எங்கள் போட்டிக்குத் தமிழ்நாடு, கேரளம், வங்காளம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களும் நடந்தே வந்தன. ஐந்தும் தாராவிக்குள்ளேயே ஒரு மைல் சுற்றளவில் இருந்தன. தோல்பை தைக்கிறவர்கள் தமிழ்நாடு. ஜரி வேலை செய்கிறவர்கள் வங்காளம். திரட்டுவதற்கு மிகவும் சிரமமாக இருந்த அணி மகாராஷ்டிரம்தான். சொந்த ஊரில் இருப்பவனுக்குத் தன் மாநிலத்தை நிரூபிக்கவேண்டிய அவசியமில்லை.

முதல் ஆண்டில் உத்தரப் பிரதேசம் ஜெயித்தது. எதிர்த்து ஆடவேண்டிய இரண்டு அணிகள் கல்யாணத்துக்குப் போயிருந்தன.

நடுவர் நான். காரணங்கள் இரண்டு. ஒன்று, என்னிடம் கைக்கடிகாரமும் கால்பந்து விதிகள் அடங்கிய சிறு புத்தகமும் இருந்தன. இரண்டு, நான் நடுநிலையானவன் என்று எல்லா அணிகளும் ஒப்புக்கொண்டன. தமிழனாயிற்றே என்று வங்காள அணித் தலைவர் அனிசுர் மொண்டல் சந்தேகப்பட்டபோது, தமிழ் அணித் தலைவர் கோமதிநாயகம் சிரித்தாராம். “ஐயரு மாட்டுங்கா ஆளு. நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?” தாராவித் தமிழர்களின் வரைபடத்தில், ஆபீஸ் உத்தியோகத் தமிழர்கள் குடியிருக்கும் பக்கத்து மாட்டுங்கா ஆறாவது மாநிலம்.

4

(மூன்றாம் பகுதியில் கேரள அணியின் வரலாற்றை எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. அதில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை என்பதால் கிழித்துவிட்டேன்.)

இப்போது அபுதாஹிரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இவ்வளவு நேரம் சொல்லாமல் வேடிக்கை பேசிக்கொண்டிருந்ததற்கு அவர்தான் காரணம்.

அபுதாஹிர் தென்காசிப் பக்கத்துக்காரர். அப்போது முப்பது வயதிருக்கும். கோமதிநாயகத்தின் பட்டறையில் தோல்பை தைத்துக்கொண்டிருந்தார். ஒல்லி. பெரிய கைகள். தாராவியிலேயே நல்ல கோல்கீப்பர் அவர்தான். ஆனால் 1983இல் தமிழ் அணியின் கோல்கீப்பர் அவரல்ல. கோமதிநாயகத்தின் அக்காள் மகன். வங்காள அணியின் கீப்பர் மஞ்சள்காமாலையோடு ஊருக்குப் போயிருந்தார். ஆள் பற்றாத அணி இன்னொரு மாநிலத்திலிருந்து அதன் தலைவரின் சம்மதத்தோடு ஒருவரை இரவல் வாங்கலாம் என்று நான்காம் விதி சொன்னது. (விதிகளை எழுதியவனும் நான்தான்.) மொண்டல் கேட்டார். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆள்தானே என்று கோமதிநாயகம் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

அந்த இரவல் ஆளை வைத்துக்கொண்டு வங்காளம் இரண்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்காமல் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. எதிரணி தமிழ்நாடு.

அபுதாஹிரின் மனைவி ராபியா வீட்டிலிருந்தபடியே துணிக்கு மணி கோத்துத் தைப்பார். அந்த வேலை மொண்டலின் காரகானாவிலிருந்து, அதாவது ஜரிப் பட்டறையிலிருந்து வந்தது. ஆக, புருஷனுக்கு வேலை கொடுத்தவர் ஓர் அணிக்குத் தலைவர், மனைவிக்கு வேலை கொடுத்தவர் மற்ற அணிக்கு. இதை நான் கற்பனை செய்திருந்தால், இவ்வளவு கச்சிதமாக எங்கே அமையும் என்று கேட்டு நானே அடித்திருப்பேன். அன்று மைதானத்தில் நின்ற எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்றும் தோன்றவில்லை.

5

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் சும்மா கிடந்த இடம். எழுபது நிமிட ஆட்டம். அறுபதாவது நிமிடம்வரை ஆளுக்கு ஒரு கோல். காலையில் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் பாதிக்குமேல் மிதிபட்டு அழிந்திருந்தன. கோல் கம்பங்களுக்கு நடுவே கோடு இருந்த இடம் வெறும் மண்.

(கோட்டு நடுவர்கள் எங்கள் போட்டியில் அடுத்த ஆண்டுதான் கண்டுபிடிக்கப்பட்டார்கள்.)

அறுபத்தாறாவது நிமிடத்தில் வங்காளத்துக்காரர் ஒருவரின் கையில் பந்து பட்டது. பெனால்டி கொடுத்தேன். அதில் தப்பில்லை, இன்றும் கொடுப்பேன். கோமதிநாயகம் தானே அடிப்பதாகச் சொல்லிப் பந்தை வாங்கி வைத்தார். முதலாளி அடிக்கிறார், தொழிலாளி பிடிக்கவேண்டும். கூட்டம் மைதானத்துக்குள் வந்துவிட்டது. கோல் கம்பத்தின் ஓரமாக என் இடத்தில் நின்று விசில் ஊதினேன்.

ஊதிவிட்டு, இன்னும் எத்தனை நிமிடம் பாக்கி என்று குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

(இந்த வாக்கியத்தை முன்பு வேறு மாதிரி எழுதியிருந்தேன். அதில் புழுதிக் காற்று வீசியது. ஒரு பிரதியில் கூட்டத்தில் யாரோ என்னை இடித்தார்கள். இரண்டும் நன்றாக இருந்தன. இரண்டும் நடக்கவில்லை.)

நிமிர்ந்தபோது அபுதாஹிர் குப்புறக் கிடந்தார். பந்து அவர் நெஞ்சுக்கடியில். நெஞ்சு, கோடு இருக்கவேண்டிய இடத்தின்மேல். ஒரு பக்கம் கோல் என்று கத்தியது, மறு பக்கம் பிடித்துவிட்டான் என்று இந்தியில் கத்தியது. பிறகு இரண்டு பக்கமும் ஓய்ந்து என்னைப் பார்த்தன. நான் நடு மைதானத்தைக் காட்டி விசில் ஊதினேன். கோல்.

ஏன் அப்படிக் காட்டினேன்? எனக்குப் பக்கத்தில் நின்றது தமிழ்க் கூட்டம். மொழிப்பற்று என்று எழுதினால் மலருக்குப் பொருத்தமாக இருக்கும். பயம் என்று எழுதினால் இடம் மிச்சம்.

அபுதாஹிர் எழுந்து என்னிடம் ஓடிவந்தார். கோபமாக வரவில்லை. நான் கணக்கில் ஏதோ கூட்டிப் போட்டுவிட்டதைப் போலப் பொறுமையாக, பந்து தாண்டவில்லை, கோட்டிலேயே பிடித்துவிட்டேன் என்று இரண்டு தடவை சொன்னார். நடுவரோடு விவாதிக்கக்கூடாது என்றேன். அது புத்தகத்தில் இருக்கிறது.

தமிழ்நாடு இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

6

பிறகு நடந்தவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியவந்தன. அபுதாஹிர் தன் ஆட்களுக்காக ஆட்டத்தை விற்றுவிட்டார் என்று வங்காளத்துக்காரர்கள் பேசினார்கள். ராபியாவுக்கு மணி வேலை வருவது நின்றது. பட்டறையிலோ, தமிழ்நாடு ஜெயித்ததை இல்லை என்று சொல்கிறவன் தமிழனா என்று கேட்டார்கள். கோமதிநாயகம் கெட்டவரில்லை. சமாதானமாகத்தான் பேசியிருக்கிறார். “கோலுன்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்த சொல்லிட்டு வந்து மெஷின்ல உக்காருடே.” அபுதாஹிர் சொல்லவில்லை. மெஷினிலும் உட்காரவில்லை.

பத்து நாள் கழித்து, நான் ஆபீசிலிருந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஷ்யாமளா உள்ளே வந்து, “ஏன்னா, கைக்குழந்தையோட ஒரு பொண்ணு உங்களைத் தேடிண்டு வந்திருக்கா. உக்காரச் சொன்னா மாட்டேங்கறா” என்றாள்.

ராபியா கண்ணீர் மல்க

(இல்லை. அழவில்லை. என் கட்டுரைக்கு அவர் அழுதிருந்தால் உதவியாக இருந்திருக்கும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ரேஷன் கடையில் கேட்பதுபோலத் தெளிவாகக் கேட்டார்.)

“சார், நடுவர் வந்து தப்பு நடந்துட்டுன்னு சொன்னா நம்புதேன்னு மொண்டல் பாய் சொல்லுதாஹ. அதுக்காவ நீங்க இல்லாதத சொல்லாண்டாம். பந்து தாண்டுனத நீங்க பாத்தீங்களா?”

“பார்த்தேம்மா.”

“கண்ணால?”

“கண்ணாலதான்.”

 ராபியா அப்படியென்றால் சரி என்று சொல்லிவிட்டுக் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். புருஷனை நம்புவதா என்னை நம்புவதா என்ற கணக்கை அவர் எந்தப் படியில் முடித்தார் என்று எனக்குத் தெரியாது. ஷ்யாமளா என்ன விஷயம் என்று கேட்டாள். ஃபுட்பால் விஷயம் என்றேன். ஃபுட்பால் விஷயத்துக்கு மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் ஆறிப்போன காபியைக் குடித்து முடித்தேன்.

அடுத்த மாதம் அவர்கள் தாராவியை விட்டு, நகரத்தின் ஓரத்திலிருக்கும் தேவ்நாருக்குப் போய்விட்டார்கள்.

7

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஆரம்ப வரலாறு எழுதுகிறவன் தகவல்களைச் சரிபார்க்கவேண்டும் என்ற சாக்கு கையில் இருந்தது. போன ஞாயிறு காலை குர்லாவில் ரயில் மாறி, தேவ்நாருக்குப் பக்கத்து ஸ்டேஷனான கோவண்டியில் இறங்கி, விசாரித்துக்கொண்டே போனேன்.

(இந்தப் பகுதியில் அபுதாஹிர் என்னை அடிக்கிறார் என்று ரயிலில் போகும்போதே ஒரு வரைவு எழுதியிருந்தேன். வாசகருக்கும் அதுதான் பிடிக்கும்.)

அடிக்கவில்லை. வாசலுக்குள்ளேயே ஒரு மெஷின் போட்டுப் பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தார். அடையாளம் கண்டு எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அன்று இடுப்பிலிருந்த குழந்தை ஹபீபாவுக்கு இப்போது ஏழு வயது. சித்தி வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். மலரைப் பற்றிச் சொன்னேன். கோமதிநாயகத்துக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்னேன். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் போன பிறகு, அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன். பந்தைப் பார்க்கவே இல்லை என்றேன். அப்போது ராபியா டீயோடு வந்து நின்றிருந்தார். அவரிடம் பொய் சொன்னதையும் அவர் முன்னாலேயே சொன்னேன்.

அபுதாஹிர் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

“இதையா சார் ஆறு வருசமா சுமந்துக்கிட்டு அலையுதீங்க? பந்து உள்ள போயிட்டு சார். நாந்தான் இழுத்து நெஞ்சுக்கடியில வச்சிக்கிட்டேன்.”

பிறகு ஏன் இல்லை என்று சாதித்தீர்கள் என்று கேட்டேன். கீப்பர் என்றால் அப்படித்தான் சொல்லவேண்டும், எந்தக் கீப்பர் கோல் என்று ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று சிரித்தார். வெகுநாள் யோசித்து வைத்திருந்த பதில் போலவும் இருந்தது, அந்த நிமிடம் தோன்றியது போலவும் இருந்தது. ராபியா டீயை மெஷின் பலகையின் ஓரத்தில் வைத்தார். அவர் புருஷனைப் பார்த்த பார்வையை விவரிக்க மூன்று உவமைகள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் என்னைக் காப்பாற்றத்தான் முயன்றன.

நான் கிளம்பியபோது சந்து முனைவரை ராபியா கூட வந்தார்.

“அவுஹ சொன்னத எழுதிராதீங்க சார்.”

அப்படியென்றால் பந்து தாண்டவில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்கு எது வேணும்னு பாத்துச் சொல்லியிருக்காஹ. அது மட்டும் தெரியுது. நீங்க பாக்கலைல்லா? அத எழுதுங்க.”

8

எழுதினேன். உதுமான் யாரிடமோ படிக்கக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். கோமதிநாயகம் அண்ணாச்சிதான் மலர் விழாவுக்குத் தலைவர், இந்த நேரத்தில் எதற்கு என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. நான் எப்போது வற்புறுத்தியிருக்கிறேன்?

அதனால் அந்த ஒப்புதல் இந்தக் கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மலரைத் தாராவியில் ஐந்நூறு பேர் வாங்குவார்கள், அவர்களுக்கு அபுதாஹிரைத் தெரியும். கதையைப் படிக்கிற உங்களுக்கு அவரைத் தெரியாது. உண்மையைச் சொல்ல நான் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனித்தீர்களா? கவனித்திருந்தால் என்னை ஓரளவு புரிந்துகொண்டுவிட்டீர்கள்.

மலருக்கான கட்டுரை மற்றபடி தயார். ஒரு வாக்கியம்தான் பாக்கி. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறேன்:

“அறுபத்தாறாவது நிமிடத்தில் கோமதிநாயகம் அடித்த பெனால்டியை அபுதாஹிர்

இனி ஒரு வினைச்சொல் வேண்டும். நம் மொழியில் அது கடைசியில்தான் வரும். அடித்தவர், பிடிக்க நின்றவர், நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லாமல் ஒருவன் வரியின் நுனிவரை வந்துவிடலாம். நான் வந்துவிட்டேன். பிடித்தார் என்று போட்டால் நான் பொய்யன். விட்டார் என்று போட்டால் அவர் பொய்யர். கோட்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டார் என்று போட்டால், ஒரு மனிதர் என்மேல் இரக்கப்பட்டுக் கொடுத்ததை வாங்கி அச்சில் ஏற்றியவன் ஆவேன்.

பேனா இந்தாருங்கள். மையும் இருக்கிறது. எழுதும்போது தேவ்நாரில் ஹபீபாவுக்கு இதை யாராவது படித்துக் காட்டுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவளுக்கும் தமிழ் வாசிக்க வராது. வரியைக் கடைசிச் சொல்வரை கேட்பாள்.

பெனால்டியை அபுதாஹிர்