பக்கத்துக்குப் பன்னிரண்டு நொடி

எனக்குச் சம்பளம் வருவது என் கண்ணுக்காக. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில், செல்போனுக்கும் டேப்லெட்டுக்கும் போகிற திரைகளைப் பார்த்து அனுப்புகிற வேலை. இருட்டுப் பெட்டிக்குள் திரை வெள்ளையாக எரியும். மேலே இடது மூலையில் ஆரம்பித்து வலதுக்குப் போய், கொஞ்சம் இறங்கி, மறுபடி இடதுக்கு வந்து, இப்படியே அடிவரை போய், கடைசியில் நாலு மூலையையும் பார்த்து, ஒருமுறை சாய்த்தும் பார்க்க வேண்டும். எரியாமல் கறுப்பாக நிற்கிற செத்த புள்ளியோ கோடோ முந்தின படத்தின் நிழலோ தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை அழுத்த வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது. ஒரு திரைக்குப் பன்னிரண்டு நொடி. அதைத் தாண்டினால் சூப்பர்வைசர் காசிராஜன் பின்னால் வந்து நிற்பார். திட்டமாட்டார், சும்மா நிற்பார். அதற்குத் திட்டிவிட்டே போகலாம்.

என் பெயர் சுகப்பிரியா. சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். வீட்டுக்காரர் மாரிராஜ் ஒரகடத்தில் கார் கம்பெனியில், கதவு மாட்டுகிற லைனில் இருக்கிறார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா என்று கட்டைவிரலை ஓட்டிப் பார்த்து விடுவது அவர் வேலை. எங்கள் கல்யாணத்தன்று மண்டபத்துக்குப் போக வாடகைக் கார் வந்தது. நான் பட்டுச்சேலையும் மாலையுமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை ஏறவில்லை. வெளியே நின்று கதவைச் சாத்தி, ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு ஏறி உட்கார்ந்து, "கீழ அகண்டுருக்கு" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். இன்றுவரை அதைச் சொல்லி அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

வடக்குப்பட்டில் சுந்தராம்பாள் அம்மா தன் நிலத்தில் வரிசையாக அறைகள் கட்டி எங்களைப் போன்ற ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அதில் ஒன்றில் இருக்கிறோம். கட்டில் போட்டால் பாதி அறை போய்விடும். எனக்கும் அவருக்கும் ஷிப்ட் பெரும்பாலும் எதிரெதிர். நான் வரும்போது அவர் கிளம்பியிருப்பார், அவர் வரும்போது நான் இருக்கமாட்டேன். சோறு யார் வடித்தது, துணி யார் காயப்போட்டது என்பதை வைத்துத்தான் இன்னொருவர் நலமாக இருக்கிறார் என்று தெரிந்துகொள்வோம். ஞாயிறு ஒருநாள்தான் இரண்டு பேரும் நாள் முழுக்க ஒன்றாக வீட்டில் இருப்போம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்போம். அந்த வாரம் நான் படித்த கதையை அவருக்குச் சொல்வேன். அவருக்குப் படிக்கிற பழக்கம் கிடையாது, கேட்கிற பழக்கம் உண்டு. நான் ஃபேனைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போவேன். கதை பாதி தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும். ஷிப்ட் மாறி மாறித் தூக்கம் கெட்டுப்போன மனுஷன், வாரத்தில் அந்த ஒரு மத்தியானம்தான் அடித்துப்போட்டது போலத் தூங்குவார். அடுத்த ஞாயிறு, "அப்புறம் அந்த ஆளு என்ன ஆனான்?" என்பார். அங்கேயிருந்து தொடங்குவேன்.

கதைகள் ஒரு சாக்கிலிருந்து வந்தன. பஸ் ஸ்டாண்ட் ஓரம் பழைய புத்தகக் கடையில் வாங்கிச் சேர்த்தவை. அட்டை போனது, முதல் பக்கம் போனது, கடைசிப் பக்கமே போனதுகூட உண்டு. கட்டிலுக்கு அடியில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அந்தச் சாக்கு இருக்கும். அதை இழுக்கும்போதெல்லாம் மாரிராஜ் தும்முவார். தும்மிவிட்டு, "ஒண்ணுமில்ல, நீ எடு" என்பார்.

இந்த வருஷம் போனஸ் வந்ததும் அவர் எனக்கு ஒரு கருவி வாங்கி வந்தார். புத்தகம் படிப்பதற்கென்றே உள்ளதாம். சிலேட்டு அளவு, சாம்பல் நிறம், எடையே இல்லை. லைனில் கூட வேலை செய்கிற தம்பி ஒருவனின் அறைத்தோழன் லோகேஷ், அதில் புத்தகங்களை ஏற்றிக் கொடுத்திருந்தான்.

"ஐந்நூறு புஸ்தகம் இருக்கு புள்ள. இனி சாக்குமூட்டையோட மல்லுக்கட்ட வேண்டாம். வெளிச்சம் கண்ணக் குத்தாதாம், தாள் மாதிரியே இருக்குமாம்."

அவருடைய போனில் கண்ணாடி மூலைக்கு மூலை உடைந்து, செல்லோடேப் ஒட்டி வைத்திருந்தார். அதை மாற்றிக்கொள்ளாமல் எனக்கு இதை வாங்கியிருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானேதான் சாக்கைக் கட்டி, "மாடில வச்சிருதேன், இடம் மிச்சம்" என்றேன். மாடியில் தண்ணீர் டேங்குக்கு அடியில் வைக்கச் சுந்தராம்பாள் அம்மா இடம் கொடுத்தார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, கருவியைக் கையில் எடுத்தேன். அழகாகத்தான் இருந்தது, எழுத்துகள் துல்லியமாக இருந்தன. முதல் வரியைப் படிக்கப் போனேன். கண் மேலே இடது மூலைக்குப் போனது. அங்கேயிருந்து வலதுக்கு, இறங்கி மறுபடி இடதுக்கு. மூன்றாவது வரியில் கறுப்பாக ஒரு புள்ளி. என் கை தானாகப் போய் அதை அழுத்தியது. பக்கம் புரண்டது. அது முற்றுப்புள்ளி.

எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பப் போய் ஆரம்பித்தேன். இந்தத் தடவை முந்தின பக்கத்தின் நிழல் லேசாகத் தெரிகிறதா என்று சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த பக்கம், அதற்கு அடுத்தது. பார்த்தேன், புரட்டினேன், பார்த்தேன், புரட்டினேன். கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் கதையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. திரை சுத்தமாக இருக்கிறது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஒரு நாள், இரண்டு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வீட்டுக்கு வந்தும் லைனிலேயே நிற்பதைப் போல அலுத்துப்போனேன்.

அந்த ஓட்டைப் புத்தகங்களில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எழுத்து தலைகீழாக அச்சாகியிருக்கும், மை இழுவிக் கிடக்கும், யாரோ குழம்புக் கையோடு புரட்டிய தடம் இருக்கும், பக்கங்களுக்கு நடுவே ஒரு எறும்பு தட்டையாகக் காய்ந்திருக்கும். ஒன்றும் என்னை நிறுத்தியதில்லை. தாளில் உள்ள குறையைத் தேடச் சொல்லி யாரும் எனக்குச் சம்பளம் தந்ததில்லை. கண் அதன்பாட்டுக்குக் கதைக்குள் போய் ஆறும். வலது கையில் தாள் மெலிந்துகொண்டே வரும்போது, கதை முடியப்போகிறது என்று விரலுக்கே தெரியும். அதைத்தான் நான் படிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மாரிராஜ் வேறு ஒன்றைப் பார்த்தார். ஒருநாள் கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு, "முழுசும் முடிச்சதா நூறு பர்சென்ட் காட்டுதே. ரெண்டு நாள்ல ஒரு புஸ்தகமா?" என்றார். நான் தலையாட்டி வைத்தேன். அவ்வளவுதான், கம்பெனி பஸ் முழுக்கச் சொல்லிவிட்டார். லோகேஷிடம் கேட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றி வாங்கி வந்தார். அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு வந்தது. படுத்துக்கொண்டு, "என்ன படிச்ச, சொல்லு" என்றார்.

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று, கோயில் வாசலில் நின்ற கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுகிறது, கேட்டில் செக்யூரிட்டி அதற்கு ஐடி கார்டு கேட்கிறான் என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம்புகிறாரா, எங்காவது இடிக்கிறதா என்று. அவர் கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். கடைசிவரை தூங்கவில்லை. பரவாயில்லையே, அவ்வளவு நன்றாகவா சொல்கிறோம் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அடுத்த ஞாயிறும் ஒரு கதை கட்டினேன், அதற்கடுத்ததும். எல்லாவற்றையும் அவர் விழித்திருந்தே கேட்டார். எனக்குத்தான் அலுப்பாக இருந்தது. வாரம் முழுக்கத் திரை, ஞாயிற்றுக்கிழமை பொய். ஒருநாள் தாங்க முடியாமல் மாடிக்குப் போனேன். சாக்கை அவிழ்க்கத் துணிச்சல் இல்லை. மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன். படியில் சுந்தராம்பாள் அம்மா வடகம் காயவைக்க ஏறி வந்தார்.

"இன்னாம்மா, மூட்டையத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு போற? உள்ள கொயந்த எதுனா தூங்கினு கீதா?"

"சும்மாத்தான்மா."

"சும்மா யாராவது படி ஏறுவாங்களா? வோணும்னா தூக்கினு போயேன். உன் மூட்டைதானே."

என் மூட்டைதான். கீழே இறக்கினால் அவர் வாங்கித் தந்ததை மூலையில் போட்டதாக ஆகிவிடும். வெறுங்கையோடு கீழே வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் மாரிராஜ் வலது கட்டைவிரலில் பெரிய கட்டோடு வந்தார். கதவுக்கும் பாடிக்கும் நடுவே விரல் மாட்டிக்கொண்டதாம். எலும்புக்கு ஒன்றுமில்லை, நகம்தான் கறுத்துவிட்டது, விழுந்து முளைக்கும் என்றார்.

"இத்தன வருஷத்துல நடக்காதது. எப்படி விட்டீங்க?"

"நின்னுக்கிட்டே கண்ணு அசந்துட்டேன். தூக்கம் இல்ல."

"ஞாயித்துக்கிழமையாவது தூங்கலாம்லா?"

"எங்க தூங்க? இப்ப அதும் போச்சு."

"கத நல்லா இல்லையா?"

"கத நல்லாத்தான் இருக்கு. நீ சொல்லுத விதம்தான் என்னமோ பண்ணுது." கொஞ்சம் தயங்கினார். "முன்ன ஃபேனப் பாத்துச் சொல்லுவ. இப்ப என் மொகத்தையே பாத்துக்கிட்டுச் சொல்லுத. கண்ண மூடினா ஏதும் நெனச்சுக்குவியோன்னு முழிச்சுக்கிட்டே கிடக்கேன். காசிராஜன் பின்னால நின்னா கை ஓடாதுன்னு சொல்லுவியே, அதே மாதிரி இருக்கு புள்ள."

அந்த இருட்டுப் பெட்டியில் செய்கிற வேலையை நான் அவர் முகத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அதைத் தாங்கிக்கொண்டு வாராவாரம் அசையாமல் படுத்திருந்திருக்கிறார். அந்த வெட்கத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முற்றுப்புள்ளியை அழுத்தியது, புரட்டியே நூறு ஆனது, சேவல், எல்லாம்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஐந்நூறுல ஒண்ணுகூடப் படிக்கலையா?"

"ஒண்ணுகூட இல்ல."

கருவியை எடுத்து இடதுகையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிப்போயிருந்தது. "நல்லாத்தான இருக்கு. எங்க குறை இருக்கு இதுல?"

"அதுல ஒரு குறையும் இல்ல. குறை தேடுத கண்ண வச்சுக்கிட்டு அதுக்குள்ள எப்படிப் போக?" என்றேன். "கல்யாணத்தன்னைக்கு அந்தக் கார்ல நீங்க என்னையவா பாத்தீங்க?"

எப்போதும் இதைச் சொன்னால் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார்.

"கீழ அகண்டுதான இருந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார்.

கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். படியேறுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது தோளில் சாக்கு இருந்தது, சட்டை ஈரமாக இருந்தது. டேங்க் நிரம்பி வழிந்த தண்ணீர் சாக்குக்குள் இறங்கியிருந்தது. அடியில் கிடந்தவை கூழாகிவிட்டன. மேலே இருந்தவை உப்பி, பழுப்பாகக் கறை ஏறி, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கிடந்தன. இருவருமாகத் தரை முழுக்கப் பரப்பி ஃபேனைப் போட்டோம். அவர் வரிசையாகத் தும்மினார்.

"இதெல்லாம் ரிஜெக்ட் ஆயிருச்சே" என்றார். தப்பு செய்தவரைப் போல நின்றார்.

"எனக்கு ஆகல."

கருவியை லோகேஷிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். அவன் ஸ்டோரில் பெட்டி எண்ணுகிறவன். பஸ்ஸில் போகவர அதில்தான் படிக்கிறான், அவனுக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறதாம். நன்றாக இருக்கட்டும்.

மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். சொல்வதற்குப் படித்த கதை ஏதும் என்னிடம் இல்லை. அதனால் காய்ந்ததில் ஒன்றை எடுத்து, பிரிய மறுத்த பக்கங்களை விட்டுவிட்டு, பிரிந்த இடத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். யாரோ ஒருத்தி ரயிலுக்குக் காத்திருக்கிறாள். எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள் என்பதெல்லாம் ஒட்டிய பக்கங்களில் போய்விட்டது. இரண்டாவது பக்கத்தின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. கறைக்கு மேலே ரயில் வரவில்லை, கறைக்குக் கீழே அவள் ரயிலுக்குள் இருக்கிறாள். நான் நிற்காமல் படித்துக்கொண்டே போனேன். எப்படி ஏறினாள் என்று அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்காமல், அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.