ஒரே ஒரு புத்தகம் உள்ள நூலகத்திலிருந்து ஐந்நூறு அடி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. புழுக்கடை வாண்டா என் வீட்டு வாசலில் நின்று, "எழுதுறவன்தானே நீ? எழுதித் தொலையேன்" என்று அதட்டியதால் எழுதுகிறேன். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் இது ஒரே ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தால் போதும். சேராவிட்டால் வாண்டாவின் கஞ்சாக்கடை திறக்காது.

கஞ்சா என்றதும் உங்களுக்குப் போலீஸ் வேன் ஞாபகம் வந்திருக்கும். இங்கே அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில், அதற்கு ரசீது தருகிறார்கள். விற்கலாமா என்பதில் இங்கே சண்டையே இல்லை. எங்கே விற்கலாம் என்பதில்தான் சண்டை.

2

முதல் தொடக்கம்: 'ஓட்டர் பெண்ட் ஊரின்மேல் பனி மெல்ல—' [வேண்டாம். இது மே மாதம்.]

இரண்டாம் தொடக்கம்: 'வாண்டா பியெலாக்குக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியதில் அவள் முதுகு—' [நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. "என் முதுகப் பத்தி எவனுக்கும் தெரிய வேணாம்" என்று வாண்டா தடுத்துவிட்டாள். சரி, முதுகை எடுத்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: நான் வட்டம் போடுகிறவன்.

இது இருக்கட்டும். பொய் இல்லை.

3

ஊர் அலுவலகத்தில் எனக்கு அதுதான் வேலை. பள்ளியிலிருந்து ஆயிரம் அடி, தேவாலயம், பூங்கா, நூலகம் ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்நூறு அடி. அதற்குள் கஞ்சாக்கடை கூடாது. எங்கள் ஊரில் ஆயிரத்து நூறு பேருக்கு ஒன்பது தேவாலயங்கள். சுவர் வரைபடத்தில் கவராயத்தை ஊன்றி நான் சுற்றச் சுற்ற, கல்லில் இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோசை ஊற்றியதுபோல் ஆகிவிட்டது ஊர். மிஞ்சியது மூன்றே இடம். ஏரியின் நடு, கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மூலை, அப்புறம் வாண்டா தூண்டில் புழு விற்றுக்கொண்டிருந்த பழைய கடை.

"ஏரி நடுவுலயே வெச்சுக்கவா? குளிர்காலத்துல உறைஞ்சிடும், வண்டி நிறுத்தக் கவலையே இல்ல" என்று சிரித்தாள் வாண்டா. பேருந்து வேலையை விட்டாள். புழுக்களை ஏரியில் விட்டாள். மாநில அனுமதியும் வந்தது. இடம் சரிதான் என்று ஊர் ஒப்பவேண்டியதுதான் பாக்கி. அதற்குக் கெடு அந்த வியாழக்கிழமை. தவறினால் அனுமதி பக்கத்து ஊருக்குப் போய்விடும், அவளுக்குத் திரும்பிப் போகப் பேருந்தும் கிடையாது.

4

இப்போது வில்லன் வரவேண்டும். [மெர்லை வில்லன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போன பனிக்காலம் முழுவதும் என் வீட்டுப் பாதைப் பனியை அவர்தான் தள்ளினார்.]

மெர்ல் டைக்ஸ்ட்ரா, புழுக்கடைக்கு அடுத்த வீடு. ஏப்ரலில் தன் புல்வெளியில் ஒரு கம்பம் நட்டு, அதன்மேல் கண்ணாடிக் கதவு போட்ட மரப்பெட்டி ஒன்றை வைத்தார். இங்கே தெருவுக்குத் தெரு இருக்கிற புத்தகப் பெட்டிதான். வேண்டியவர் எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பி வைக்கலாம். எல்லோரிடமும் புத்தகம் கேட்டு வந்தார். என்னிடமும் வந்தார்.

"நீ ஏதோ எழுதுவியாமே? ஒன்னு குடேன், வெக்கிறேன்."

இருபது வருடத்தில் என் புத்தகத்தை ஒருவர் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை. பரவசத்தில் கையெழுத்துப் போட்டு வேறு கொடுத்தேன்.*

* அது தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு. ஊரில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மெர்லுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை.

மறுநாள் மெர்ல் மனு கொடுத்தார். தன் பெட்டி ஒரு நூலகம், புழுக்கடை எழுபது அடியில் இருக்கிறது, ஆகவே கடை கூடாது. தேவாலயங்கள் சண்டைக்கு வரும், பள்ளி வரும் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தோம். பறவைக்கூடு அளவுப் பெட்டி வரும் என்று யார் கண்டது?

5

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்.

ஊர்ச் சட்டத்தில் நூலகத்துக்கு இலக்கணம் எழுதியவன் நான். 'பொதுமக்கள் எடுத்துப் படிக்கப் புத்தகம் வைத்திருக்கும் கட்டடம்' என்று நிறுத்தியிருக்க வேண்டும். வாக்கியம் மொட்டையாக நிற்பதாகப் பட்டது. ஓசைக்காக 'அல்லது எத்தகைய அமைப்பும்' என்று சேர்த்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இது. ஆனால் சூனியம் பிடித்தது வாண்டாவை. வெட்கமாக இருக்கிறது.

6

விசாரணை. மேடையில் ஊர்க்குழுத் தலைவி, அவள் முன்னால் முட்டை வேகவைக்க நேரம் வைக்கும் கோழி வடிவக் கடிகாரம். ஆளுக்கு மூன்று நிமிடம்.

"மெர்ல், நிஜத்த சொல்லு. உனக்குக் கஞ்சா புடிக்காதா?" என்றாள் வாண்டா.

"யாரு சொன்னா? முட்டி வலிக்கு தெனம் ஒரு கஞ்சா மிட்டாய் நானும் போடுறேன். ஆனா அதுக்கு இருபது மைல் வண்டி ஓட்டிட்டுப் போறேன்ல? கௌரவமா. பக்கத்து வீட்டுலயே கடை வந்தா, நான் எத்தன வாங்குறேன்னு உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்."

"பள்ளிக்கூட பஸ் ஓட்டுனவடா நான்! எவன் எந்த சீட்ல வாந்தியெடுத்தான்னு இன்னிவரைக்கும் ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல. உன் மகனையும் சேத்துத்தான்."

கோழி கூவியது.

தீர்ப்பு இப்படி வந்தது: வியாழன் பத்து மணிக்குக் குழு பெட்டியைத் திறந்து பார்க்கும். புத்தகம் இருந்தால் நூலகம். காலியாக இருந்தால் வெறும் பெட்டி. ஆனால் திருடக்கூடாது. எடுப்பவர் 'படிப்பதற்காக எடுக்கிறேன்' என்று நோட்டில் கையெழுத்திட வேண்டும்.

அப்புறம் நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். வாண்டாவின் பேருந்தில் ஏறி வளர்ந்த ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மெர்ல் தேவாலயங்கள் நடத்தும் பழைய பொருள் விற்பனையிலிருந்து புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து நிரப்பினார். அவர்கள் கையெழுத்திட்டுக் காலி செய்தார்கள். கையெழுத்திட்டதால் படிக்கவும் செய்தார்கள். இவர்கள் அப்படிப்பட்டவர்கள்; நாலு பக்கமும் யாருமில்லாத சாலையிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார்கள். மரம் வெட்டுகிறவர் ஒருவர் பிரசவ வழிகாட்டியை முழுவதும் படித்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்டார். கடைசியில் சுற்றுவட்டாரத்தில் மெர்லுக்குப் புத்தகமே கிடைக்கவில்லை.

பெட்டியில் மிஞ்சியது ஒன்று.

என்னுடையது.

அதை எடுக்க யாராலும் முடியவில்லை. 'படிப்பதற்காக' என்று கையெழுத்திட வேண்டுமே. நான் எடுக்கலாமா என்று கேட்டேன். வட்டம் போட்ட ஊழியன் அந்தப் பெட்டியைத் தொட்டாலே வேலை போகும் என்றாள் தலைவி.

7

முடிவு ஒன்று: விடிவதற்குள் நானே போய் எடுத்துவிடுகிறேன். [எழுதிப் பார்த்தேன். அதில் நான் மிக வீரமாக இருந்தேன். நம்பும்படி இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: கண்ணாடிக்குப் பின்னால், வெயிலில், என் புத்தகம் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. தினமும் அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன்.]

முடிவு இரண்டு: மெர்ல் மனம் மாறுகிறார். [அவரிடமே கேட்டேன். "நான் மாறுற ஆள் மாதிரியா தெரியுது? இஷ்டத்துக்கு எழுதாத" என்றார். நியாயம்.]

முடிவு மூன்று: புழுக்கடையில் மறுபடி புழு. [வாண்டா இதை எழுதவே விடவில்லை.]

அவள் வாசலுக்கு வந்தது நேற்று மாலை. சிரிக்கவில்லை.

"உன் பாஷை பேசுறவங்க உலகத்துல எத்தன பேருன்னு சொன்ன?"

"எட்டுக் கோடிக்கு மேல."

"எட்டுக் கோடி! அதுல ஒருத்தர் வந்து ஒரு புத்தகத்த எடுக்க மாட்டாங்களா?"

"வாண்டா, அங்கேயே யாரும் எடுத்ததில்லை."

அவள் என் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப கடைக்காக மட்டும் கேக்கல. உனக்காகவும் ஒருத்தர் வரட்டும். கூப்பிட்டு எழுது."

8

ஆகவே கூப்பிடுகிறேன்.

இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நோட்டில் நீங்கள் போடும் கையெழுத்து பொய்யாகாது. மில் தெரு, இரண்டாவது வளைவு, பச்சைக் கம்பம். மெர்ல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், தடுக்க மாட்டார். யாராவது உண்மையிலேயே படிக்க எடுத்தால் நூலகம் தோற்றாலும் பரவாயில்லை என்று நேற்று அவரே முணுமுணுத்தார். பக்கத்திலேயே புழுக்கடைப் படியில் வாண்டா உட்கார்ந்திருப்பாள்.

நீங்கள் எடுத்தால் கடை திறக்கும். கண்ணாடிக்குப் பின்னால் என் புத்தகம் இருக்காது. எடுக்காவிட்டால் மிச்சிகனில் என் புத்தகத்துக்கென்றே ஒரு நூலகம் இருக்கும், சட்டப்படி. நான் எதை விரும்புகிறேன் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

கதவுக்குப் பூட்டு இல்லை. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.