அரசருக்கு இரண்டு உடம்பு

பெரிய குருவின் தீர்ப்பு வெளியான மறுநாள் காலையில் அரசியின் கட்டிலில் இரண்டு அரசர்கள் படுத்திருந்தார்கள். ஒருவர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மற்றவர் கண்ணைத் திறந்து, மூச்சுகூட விடாமல், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குறட்டைக்காரரை ஓர் இடி இடித்து, "என்னங்க, கொஞ்சம் நகருங்க, இடம் பத்தல" என்றாள்.

பெரிய குரு வேறு யாருமில்லை, அரசியின் கூடப்பிறந்த அண்ணன்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அரசருக்குச் சளி பிடித்தால்கூடத் தளபதிகள் சிம்மாசனத்தைக் கண்ணால் அளக்க ஆரம்பித்துவிடுவார்கள். தங்கை நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாதே என்று அவர் ஒரு குளிர்காலம் முழுக்க மறைநூல்களைப் புரட்டி, மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார். அரசருக்கு இரண்டு உடம்பு. ஒன்று தின்னும், தூங்கும், நரைக்கும், சாகும். மற்றது கடவுள் கொடுத்தது, அதற்குச் சாவே கிடையாது, நாட்டை ஆள்வது அதுதான். பண்டிதர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சுக்குச் சொன்னதைக் கடவுள் நிஜமாகவே செய்து வைப்பார் என்று யார் கண்டது?

சாகாதவர் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். கொட்டாவி விடவில்லை, கோபப்படவில்லை, தூக்கம் என்று எழுந்து போகவும் இல்லை. காத்துக் காத்து அலுத்துப்போன தளபதிகளில் இருவர் கோழி வளர்க்கப் போய்விட்டார்கள். நாடு நிம்மதியாக இருந்தது. குறட்டைக்காரருக்குத்தான் வேலையில்லாமல் போயிற்று. செருப்பைத் தேய்த்துக்கொண்டு அரண்மனையைச் சுற்றுவதும், சமையற்கட்டில் கதையளப்பதும், வெளிநாட்டுத் தூதர்கள் வந்திருக்கும்போது சிம்மாசனத்துக்குப் பின்னால் நின்று தும்முவதுமாக இருந்தார். ஒருநாள் அண்ணன் தங்கையைத் தேடி வந்தார்.

"கண்ணு, ஒரு ராஜா ஆள, இன்னொரு ராஜா தும்மிக்கிட்டு நின்னா ஜனங்க யாரைத்தான் நம்புவாங்க? இவரை மலைக்கோட்டைக்கு அனுப்பிடலாம். உனக்குத்தான் அவர் இருக்காரே."

"எவரு, அந்த மரக்கட்டையா? அண்ணா, நீ பெரிய படிப்பு படிச்சவன். ரெண்டுல எந்த உடம்பு என்னைக் கட்டிக்கிச்சுன்னு உன் நூலைப் பார்த்துச் சொல்லு."

நூலில் அதற்கு விடை இல்லை. கடைசியில் அரசி மகுடத்தைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, தன் மனுஷனைக் கூட்டிக்கொண்டு கயிற்றுக்கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளுக்குக் குடிபோனாள். அவர் தன்னை அரசர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அவர் எதற்குச் சொல்லிக்கொள்ளப் போகிறார்? காய்கறி வாங்கப் போய் ஏமாந்து வந்தார், கயிற்றுக்கடைக்காரரோடு முடிச்சுப் போடப் பழகினார், தெருவில் எல்லாச் சண்டைக்கும் நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். பெரிய குரு சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வாரம் தவறாமல் வந்து மாப்பிள்ளையோடு தாயம் உருட்டித் தோற்றுப் போனார். அரசிக்கு அந்த மனுஷன்மேல் உயிர். வருஷங்கள் போனதே தெரியவில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் இருமல் வந்தது. ஒரு காலையில் அது நின்றது, அவரும் போய்விட்டார்.

அரசர் சாவதில்லை என்பது சட்டம். ஆகவே அவருக்காக யாரும் அழக் கூடாது, பாடை கட்டக் கூடாது. தெருவே வாசலில் வந்து நின்றதே தவிர, ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. பெரிய குரு வந்தார். அவர் கண்கள் ஏற்கெனவே வீங்கியிருந்தன.

"அழாதே கண்ணு. நீ அழுதா அரசர் செத்துட்டார்னு ஆயிடும். வெட்டுக்குத்து ஆரம்பிச்சிடும். வெளிய தெரியாம அடக்கம் பண்ணிடலாம்."

"அரசர் எங்க செத்தாரு? அங்கதான் கல்லு மாதிரி உக்காந்திருக்காரே! செத்தது என் புருஷன். உன் மாப்பிள்ளை. அவரைத் திருடன் மாதிரி மறைச்சு அனுப்ப மாட்டேன். ஊரறியத் தூக்கணும். தோள் குடுப்பியா, மாட்டியா?" என்று கேட்டுவிட்டு அரசி ஓவென்று அழுதாள்.

பெரிய குரு செங்கோலைவிட உயரமான தன் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். தலைமாட்டில் ஒரு பக்கம் அவர் தோள் கொடுத்தார். கயிற்றுக்கடைக்காரர் துணிந்து மறுபக்கம் வந்தார், அவருடைய தம்பி கால்மாட்டுக்கு வந்தான். நாலாவது ஆள் இல்லை. அப்போது தெருமுனையில் கூட்டம் விலகியது. சிம்மாசனத்தைவிட்டு ஒருநாளும் எழுந்திராத சாகாதவர், யாரும் கூப்பிடாமலே, நடந்து வந்துகொண்டிருந்தார். பாடையில் இருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு குனிந்து இடது தோளைக் கொடுத்தார்.

"இவ்வளவு கனமா?" என்றார்.

"நல்லா வாழ்ந்த உடம்பு" என்றாள் அரசி, அழுகைக்கு நடுவே.

மறுநாள் சபை வழக்கமான நேரத்துக்குக் கூடியது. சிம்மாசனத்துக்காக யாரும் சண்டைக்கு வரவில்லை, அது காலியாக இல்லையே. அரசரின் இடது தோள் மட்டும் வீங்கியிருந்தது. வைத்தியர்கள் தடவாத தைலமில்லை, வீக்கம் வற்றவில்லை. அண்ணனும் தங்கையும் போய்ச் சேர்ந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அரசர் இன்னும் ஆண்டுகொண்டிருக்கிறார். அவருக்கு அங்கி தைப்பவர்கள் இடது தோளில் நாலு விரல் துணி கூடுதலாக விட்டுத் தைக்கிறார்கள்.